பொத்தான்காரியின் பாட்டு, ஒரு சுரம் மேலே

மத்ரித், லவாபியேஸ்,
செப்டம்பர் 24

பெருமதிப்பிற்குரிய என் கணவர், வாத்தியக்குழு நடத்துனர் தோன் எவரிஸ்தோ லும்ப்ரெராஸ் அவர்களுக்கு,

உங்கள் மனைவி காசில்தா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது நலமாக இருக்க வேண்டும் என்று பிலார் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட வாத்தியச் சுரக்குறிப்புத் தாள்கள் பதினான்கையும் இம்மாதம் பத்தாம் தேதி காதிஸிலிருந்து கிளம்பிய கப்பலில் அனுப்பிவிட்டேன். மாத இறுதிக்குள் புவெனஸ் ஐரெஸ் வந்து சேர்ந்துவிடும். ஒத்திகைக்கு இரண்டு வாரம் கிடைக்கும். அக்டோபர் பன்னிரண்டு, பிலார் மாதா திருநாள் அன்று நாடக அரங்கேற்றம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதம் அடுத்த கப்பலில் வருகிறது. கப்பல்காரர்களின் கணக்குப்படி பதினைந்தாம் தேதிக்கு முன்னால் உங்கள் கைக்கு வராது. எனவே எல்லாம் முடிந்த பிறகுதான் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நான் வேண்டுமென்றே அப்படித்தான் அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்த உங்கள் கடிதத்தை முழுவதுமாக எடுத்து வைத்திருக்கிறேன். போன நவம்பரில் பாடகி பெலிசாவோடு கப்பலேறியதிலிருந்து நீங்கள் எழுதிய ஒரே கடிதம் அதுதான். அங்கே வீட்டுக்கு வீடு பெலிசா மொந்தால்வாவின் இசைத்தட்டு ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மன்றங்களில் அவள் பியானோவோடு பொத்தான்காரியின் பாட்டை வழக்கமான ரே சுருதியில் பாடியபோது, தட்டில் இருக்கிற அந்தப் பிரகாசம் இல்லையே என்று நாலு பேர் முகம் சுளித்தார்களாம். அதனால் நாடகக் கம்பெனி முதலாளி, தட்டில் கேட்பது போலவே, அதே சுருதியில், அதே வேகத்தில் மேடையில் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அரங்கத்து முன்கூடத்தில் ஒரு கிராமபோனை வைத்து, வருகிறவர்கள் எல்லாரும் தட்டைக் கேட்டுவிட்டு உள்ளே போகும்படி ஏற்பாடு செய்கிறாராம். நல்ல வியாபாரி. "தட்டைக் கேட்டுப் பார்த்தேன், மி சுருதியில் இருக்கிறது. கிழவன் நிக்கானோர் பதிவுக்காக ஒரு சுரம் ஏற்றியிருக்கிறான். அந்தத் தாள்கள் உன்னிடம்தான் இருக்கும், அனுப்பு" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி இருந்தது அந்த "உன்னிடம்" என்ற ஒரு சொல்தான்.

வீட்டு விஷயம் சொல்கிறேன். கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. நாடகத்தில் கோஷ்டிப் பாட்டுக்கு நான் போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நாடகக் கம்பெனிகளுக்கு வாத்தியத் தாள் நகல் எடுக்கிறேன். என் கையெழுத்து தெளிவாக இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். கீழே மதுக்கடை ரெமிஹியோ ஈஸ்டருக்கு ஒரு கிராமபோன் வாங்கிவிட்டார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொத்தான்காரியின் பாட்டு ஒரு நாளைக்கு முப்பது தடவை. போன வாரம் நான் எண்ணெய் வாங்கக் கீழே போனபோது, "அந்தப் பெலிசா தொண்டைக்குள்ள தேன் வச்சிருக்கா காசில்தா. நீயும்தான் பத்து வருஷம் கோஷ்டியில நின்னு கத்துன, என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். ஆமாம் ரெமிஹியோ, எல்லாருக்குமா அமையும் என்று சொல்லிவிட்டு, என் குரலைக் கேட்டுக்கொண்டே எண்ணெய்ப் புட்டியோடு மாடி ஏறினேன்.

வாசல் காவல்காரி எங்கிராசியாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். பதிவுக்குப் போன அன்று எனக்குச் சால்வை கொடுத்து அனுப்பியவள் அவள்தானே. "நீ ஒரு வார்த்தை சொல்லுடி. நான் முற்றத்துல நின்னு கத்துறேன், தெருவே கேக்கட்டும். யாரு பாட்டுக்கு யாரு மினுக்குறதுன்னு ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம்" என்று தினமும் சொல்வாள். நான்தான் வேண்டாம் என்பேன். தெரு நம்பி என்ன ஆகப்போகிறது? தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் அவள் பெயர் இருக்கிறதே.

பதிவு நடந்த நாளில் நீங்கள் அங்கே இல்லை. அதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. பெலிசாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பதிவுக்காரர்கள் மறுநாளே ஊருக்குப் போகிறார்கள், ஒப்பந்தம் கைமாறிவிடும் என்று காலையில் வந்து என் முன்னால் நின்றீர்கள். "தட்டுல யாரு பேரு இருந்தா என்ன காசில்தா? நமக்குள்ள என்ன வித்தியாசம்? அவ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. போய்ப் பாடிட்டு வந்துடு" என்றீர்கள். நம்ம வீட்டுப் பெண். அவளுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டை கொப்புளிக்க வைக்க ஆள் வேண்டும் என்று நீங்கள் அவள் அறையிலேயே தங்கிவிட்டீர்கள். தொண்டை கொப்புளிக்க எட்டு மணி நேரம் ஆகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்தச் சின்ன அறையில் பன்னிரண்டு வாத்தியக்காரர்களும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புனலுக்கு முன்னால் என்னை நிறுத்தினார்கள். தாழ்ந்த தந்தி வாத்தியம் ஒலி பதிவாகிற மெழுகில் ஏறாது என்று அதற்குப் பதில் பெரிய பித்தளைக் குழலை ஊதச் சொன்னார்கள். சிப்ளாக்கட்டைச் சத்தத்தில் ஊசி துள்ளிவிடுமாம், அதனால் அதைத் தட்டுகிற பெண்ணைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் கட்டைகளின் மேல் கைக்குட்டையைச் சுற்றினார்கள். கிளாரினெட் மட்டும் என் காதுக்குப் பக்கத்தில், நான் பாடும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாளத்தட்டு பின்னால் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு, பேச்சுத் துணைக்கு வந்த தோழியைப் போல. உச்சசுரம் வரும்போது பாடகியை இடுப்பில் பிடித்துப் பின்னால் இழுப்பது அங்கே வழக்கம், இல்லையென்றால் மெழுகு கிழிந்துவிடும். உங்களுக்குப் பதில் கோல் பிடித்த நிக்கானோர் மாட்டேன் என்றுவிட்டார். "வயித்துல புள்ளய வச்சிருக்கா, இடுப்பப் புடிச்சு இழுக்க நான் என்ன கசாப்புக்காரனா? நீயே ரெண்டடி பின்னால போய்க்கம்மா" என்றார். போன மே மாதம் அவரை அடக்கம் செய்தோம். நீங்கள் கிழவன் என்று எழுதியதை அவர் படிக்காமல் போனது நல்லது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கவனமாகப் படியுங்கள், நீங்கள் இசை படித்தவர்.

பாட்டுக்கு மூன்று சரணம். தட்டின் ஒரு பக்கம் கொள்ளுவது நான்கு நிமிடம். பாட்டோ நாலரை. மெழுகைப் பார்த்துக்கொண்ட ஜெர்மன்காரர் இரண்டாம் சரணத்தை வெட்டிவிடலாம் என்றார். நிக்கானோர் கோலைக் கீழே வைத்துவிட்டார். கியூபாவுக்குப் போகிற சிப்பாயின் கோட்டில் பொத்தான்காரி கடைசிப் பொத்தானைத் தைப்பதே இரண்டாம் சரணத்தில்தான், அதை வெட்டினால் இவள் எதற்காக மூன்றாவதில் அழுகிறாள் என்று கேட்டார். ஜெர்மன்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இயந்திரத்தின் திருகை இறக்கி மெழுகை மெதுவாகச் சுற்றவிட்டார். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று சுற்ற வேண்டியது எழுபது. அப்படிச் செய்தால் பாட்டு முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் கேட்கிறவரும் கிராமபோனை எழுபதில் ஓட்ட வேண்டும், எழுபத்தெட்டில் ஓட்டினால் எல்லாம் வேகமாகிச் சுருதி ஒரு முழுச் சுரம் ஏறிவிடும், அதனால் பெயருக்குக் கீழே எழுபது என்ற எண்ணை அச்சிட வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். நான்தான் அதைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

பிறகு நீங்கள் அச்சுக்காரனிடம் போய் நின்றதும், பெலிசாவின் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று மூன்று தடவை அச்சை மாற்றச் சொன்னதும் ஊரெல்லாம் தெரியும். அந்தச் சின்ன வட்டத்தில் அவள் பெயரை அவ்வளவு பெரிதாகப் போட்ட பிறகு வேறு எதற்கும் இடமில்லை. எழுபது போய்விட்டது.

எனவே நிக்கானோர் எதையும் ஏற்றவில்லை. மி சுருதியில் ஒரு தாளும் எங்கும் இருந்ததில்லை. நான் பாடியது ரேயில், நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வேகத்தில், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்ணின் நடையில். உச்சியில் நான் தொட்டது லா. தட்டில் கேட்பது அதற்கு அடுத்த மேல்சுரமான சி. அந்தச் சியை நான் என் ஆயுளில் பாடியதில்லை. தட்டில் பாடுகிற குரல் எனக்கும் இல்லை, பெலிசாவுக்கும் இல்லை, உலகத்தில் யாருக்கும் இல்லை. இயந்திரம் வேகமாகச் சுற்றுவதால் வருகிற குரல் அது.

நீங்கள் மி சுருதியில் கேட்டீர்கள். ஜன்னலோரம் பதினொரு நாள் உட்கார்ந்து பதினான்கு தாளையும் மி சுருதியில் எழுதினேன். தட்டின் வேகத்தையே மேலே குறித்தேன். ஒரு புள்ளி தப்பில்லை. சியின் மேல் நீட்டல் குறியைப் போட்டேன், நான்கு தாளத்தட்டு முழுவதும். பொய் ஒன்றும் எழுதவில்லை. கேட்டதைக் கொடுத்தேன், கேட்காததைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பாத்திரம் கழுவும்போது பாடினேன், துணி உலர்த்தும்போது பாடினேன், உங்கள் ஒத்திகைக்கெல்லாம் பாடினேன். என் குரல் லாவோடு முடியும் என்று வீட்டுக்கு எதிரே செருப்புத் தைக்கிறவருக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாளாவது என்னைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தத் தட்டு ஓடிய முதல் நிமிடமே, இது காசில்தா இல்லையே, பெட்டி வேகமாக ஓடுகிறதே என்று சிரித்திருப்பீர்கள். பிழைத்திருப்பீர்கள். உங்களை நான் மாட்டிவைத்தேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் காது மாட்டிவைத்தது.

ஒத்திகையில் என்ன நடக்கும் என்பதை இங்கிருந்தே பார்க்கிறேன். பெலிசா லாவுக்கே கழுத்து நரம்பு புடைக்க எம்புவாள். சி என்றதும் உங்களை ஒரு பார்வை பார்ப்பாள். நீங்கள் முதலாளியைப் பார்ப்பீர்கள். அவர் கிராமபோனைக் காட்டுவார். என்ன சொல்ல முடியும்? இது என்னால் முடியாது என்று அவள் சொன்னால், அப்படியானால் தட்டில் பாடியது யார் என்று அடுத்த கேள்வி வரும். ரேக்கு இறக்கலாம் என்று நீங்கள் சொன்னால் அதே கேள்விதான். எனவே நீங்கள் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டியிருப்பீர்கள். அவள் தேன் குடித்திருப்பாள், முட்டை குடித்திருப்பாள். நீங்கள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். அந்த வேலைதான் உங்களுக்குப் பழக்கமாயிற்றே.

ஒரு தடவை எப்படியாவது கத்தித் தப்பித்துவிடுவாள் என்றும் யோசித்தேன். பெலிசா கெட்டிக்காரி. அதனால் அங்கே ரொட்டிக் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் எலாதியோ அண்ணனுக்கு எழுதினேன். உங்களுக்கு அவரைத் தெரியும், நம் கல்யாணத்தில் மேசை மேல் ஏறி ஆடியவர். மேல்மாடிக் காலரியில் அவரும் ரொட்டிக்காரர்களும் நாற்பது பேர் உட்காருவார்கள். யாரும் சீட்டியடிக்கக் கூடாது, காலால் தரையை மிதிக்கக் கூடாது, ஒரு கெட்ட வார்த்தை காதில் விழக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறேன். கைதட்டல் மட்டும். பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர். அது முடிந்ததும் மறுபடி ஒன்ஸ்மோர். நான்கு தடவை. அண்ணன் திருப்பி எழுதிய பதில் முந்தாநாள் வந்தது: "நாலு தடவைதானா தங்கச்சி? எங்க ஆளுங்க கை மாவு பிசையுற கை, விடிய விடியத் தட்டும்." எனக்கு நான்கு போதும். ஒன்ஸ்மோர் கேட்டுப் பாடாமல் உள்ளே போகிற பாடகியை நம் ஜனங்கள் எந்த ஊரிலும் மன்னிப்பதில்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். முதல் வருடம் எனக்குக் காய்ச்சலாக இருந்தபோது, ஜனங்கள் கேட்டால் செத்தாலும் பாடிவிட்டுச் சாக வேண்டும் என்றீர்கள். நான் மூன்று தடவை பாடினேன்.

யாராவது உங்களைக் கேட்டால், பெலிசாவைப் பாராட்டித்தான் தட்டினார்கள் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

தந்தி அலுவலகம் நம் தெருமுனையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு தந்தி, "எழுபதில் ஓட்டிப் பாருங்கள்" என்று அடித்தால் உங்கள் மானம் தப்பும். போன திங்கட்கிழமை உள்ளே போய் வரிசையில்கூட நின்றேன். பெலிசாவை நினைத்துத்தான். மூன்றாம் மாதத்தில் ஒப்பனை அறையில் நான் வாந்தியெடுத்தபோதெல்லாம் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் பாக்கி. அப்போது தோன்றியது, என் தலைமுடியைப் பிடித்த அதே கையால்தானே அவள் கப்பல் சீட்டை வாங்கிக்கொண்டாள் என்று. என் வயிற்றில் இருந்தது என்ன என்று அவளுக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரியும். திரும்பி வந்து கொண்டைக்கடலையை ஊறப்போட்டேன்.

இனி கடைசி விஷயம். நீங்கள் பெருமையோடு வைத்து அனுப்பிய பத்திரிகைத் துண்டுகளைப் படித்தேன். மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருந்தாலும் எல்லாரும் ஒரே இடத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். இரண்டாம் சரணத்தில், நூலை ஊசியில் கோத்து, கோட்டில் குத்தி, இழுத்து, பல்லால் கடிக்கிறவரை உள்ள நீண்ட அடி. அதை ஒரே மூச்சில் பாட வேண்டும், மூச்சு அறுந்தால் நூல் அறுந்தது போல என்று நீங்கள் எங்களை அடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்த இடம். தட்டில் அந்த அடி நடுவில் அறுகிறது. ஒரு விம்மல் கேட்கிறது. "பிரிவின் முழுத் துயரமும் அந்த ஒரு விம்மலில்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெலிசா அந்த விம்மலையும் படித்துக்கொண்டாளாம், மன்றங்களில் அந்த இடத்தில் பெண்கள் கைக்குட்டையை எடுக்கிறார்களாம். நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

அது விம்மல் இல்லை. தட்டு வேகமாக ஓடுவதால் அப்படிக் கேட்கிறது. அது மூச்சு. ஐந்து மாதமாக அசைவே தெரியாமல் இருந்த குழந்தை, அந்த அடியின் நடுவில், முதல் தடவையாக உள்ளே உதைத்தது. எனக்கு மூச்சு நின்று வந்தது. பாட்டு முடிந்ததும் நிக்கானோர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பப் பாட மெழுகு இருக்கிறதா என்று ஜெர்மன்காரரைக் கேட்கப் போனவர், கேட்காமலே உட்கார்ந்துவிட்டார். "இருக்கட்டும்மா, அதுவும் பாடட்டும்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லக் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை.

அவள் ஜனவரி இருபத்தெட்டில் பிறந்தாள். இனேஸ் என்று பெயர் வைத்தேன். ஒன்பது நாள் இருந்தாள். பிப்ரவரியில் உங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. கடிதம் கடலில் போய்விட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் உங்கள் கடிதம் வந்தபோது, கடைசிப் பக்கத்தின் மூலையில் என் கையெழுத்தைப் பார்த்தேன். பிப்ரவரியில் நான் எழுதிய காகிதத்தின் வெள்ளைப் பக்கத்தில் நீங்கள் தாள்களின் பட்டியலை எழுதியிருந்தீர்கள். இரண்டு கிளாரினெட், ஒரு புல்லாங்குழல், சிப்ளாக்கட்டை. அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். அந்த மூச்சை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் அவள் நூல் அறுபடாமல் பாடட்டும். இனேஸ் இந்த உலகத்தில் வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். அதைக் கைக்குட்டைக்காக எடுத்துக் காட்ட எவளுக்கும் உரிமையில்லை.

அரங்கத்து முன்கூடத்துக் கிராமபோனை இப்போது யாரும் கேட்க மாட்டார்கள், சும்மாதான் இருக்கும். கேட்டு வாங்கி அறைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் இருக்கிற திருகை எழுபதுக்கு இறக்குங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். அப்போது நான் பாடுவேன். இரண்டாம் சரணத்தில் உங்கள் மகள் வருவாள்.

கடவுள் உங்களுக்கு நூறு வயதும், கடைசி நாள்வரை குறையாத நல்ல காதும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
காசில்தா பெத்ரோசா